அளவுக் கழுத்து

கொக்கியை வளையத்தில் மாட்டிவிட்டுப் பாப்பா கையை எடுத்ததும் சோக்கர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தொண்டைக் குழியைத் தாண்டி, இரண்டு காறை எலும்புகளின் மேல் போய்ப் படிந்தது. மேலே, கழுத்தின் நடுவில், அந்த வெள்ளைத் தழும்பு முழு நீளத்துக்கும் வெளியே தெரிந்தது.

அண்ணியின் தோள்களைப் பின்னாலிருந்து தாங்கி, உட்கார்ந்த வாக்கில் பிடித்திருந்த கீழ்வீட்டு டீச்சரம்மா எட்டிப் பார்த்தார்.

“லூசா இருக்கே பாப்பா.”

“இருக்காது டீச்சரம்மா. நான் மாட்டினதுலதான் ஏதோ தப்பு.”

கழற்றி மறுபடி மாட்டினாள். மறுபடி இறங்கியது. மூன்றாம் தடவை, நடுவில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொக்கியை மாட்டினாள். விரலை எடுக்கும்வரை நின்றது.

“பின்னால ஒரு பின் குத்திடு. தலையணையில படுத்திருக்கப்போறவ. பின்பக்கத்தை யார் பார்க்கப்போறா?”

“அண்ணி பார்ப்பாங்க,” என்றாள் பாப்பா.

பழக்கத்தில் வந்த பதில். டீச்சரம்மா அண்ணியை மெல்லப் படுக்க வைத்து, போர்வையைத் தாடைவரை இழுத்துவிட்டார்.

வீட்டில் இளையவள் என்பதால் நாற்பத்தாறு வயதிலும் அவள் பாப்பாதான். விடிகாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் செய்து, “முடிஞ்சுது பாப்பா,” என்று மட்டும் சொன்னார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலை மேசையில் போய் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு அண்ணியைக் கொண்டுவந்து இறக்கியபோது கறுப்பு வெல்வெட்டில் மூன்று வரிசை மணி தைத்த சோக்கர் தயாராக இருந்தது. மயானத்துக்கு வண்டி மூன்று மணிக்கு. அதற்குள் தெரு முழுக்க வந்து பார்க்கும். இருபத்திரண்டு வயதில் தைராய்டுக்குக் கத்தி வைத்த நாளிலிருந்து, அண்ணியின் வெறும் கழுத்தைப் பார்த்தவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர். கண்ணாடிக்குக்கூட அண்ணி அதைக் காட்டியதில்லை. “எங்க போனாலும் என்னை மூடித்தான் அனுப்பணும்,” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். “சரி, கதவைப் பூட்டிச் சாவியையும் தரேன்,” என்று பாப்பா பதில் சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தழும்பிலிருந்துதான் தொழிலே பிறந்தது. முதலில் ஒரு வெல்வெட் நாடாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பின்னால் முடிச்சுப் போட்டாள் அண்ணி. முடிச்சு உறுத்தியது, கொக்கி வைத்தாள். நாடா சாதாரணமாக இருந்தது, மணி தைத்தாள். ஒரு விசேஷ வீட்டில் யாரோ, “எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று கேட்டார்கள். மறு மாதமே ஜன்னலோரம் ஒரு மேசை போட்டாயிற்று. கணவனோடு ஒத்துவராமல் பாப்பா அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அண்ணி ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “சும்மா இருந்தா வாய்தான் வேலை செய்யும். கைக்கும் கொஞ்சம் குடு,” என்றாள். பதினாறு வருஷம் ஆயிற்று.

சோக்கர் செய்வதில் மணி கோப்பது பாதி வேலைகூட இல்லை. அளவுதான் வேலை. நெக்லஸ் தொங்குகிற பொருள். ஒரு சென்டிமீட்டர் முன்னேபின்னே இருந்தால் யாருக்கும் தெரியாது. சோக்கர் நிற்கிற பொருள். கழுத்து பார்க்கத்தான் உருளை மாதிரி இருக்கும். உண்மையில் அது கவிழ்த்து வைத்த புனல். மேலே குறுகல், கீழே போகப்போக அகலம். கொஞ்சம் பெரிதாகிவிட்டால் சோக்கர் தனக்குப் பொருந்துகிற அகலம் வரும்வரை இறங்கிக்கொண்டே போகும். கொஞ்சம் சிறிதாகிவிட்டால் எச்சில் விழுங்கும்போதெல்லாம் பிடிக்கும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் ஆள்காட்டி விரல் ஒன்று நுழைய வேண்டும், இரண்டு நுழையக் கூடாது. இதுதான் இந்த மேசையின் சட்டம்.

அண்ணியின் கழுத்துக்கு முப்பத்து மூன்று சென்டிமீட்டர். பெரும்பாலான பெண்களுக்கும் அதை ஒட்டித்தான் வரும். அதனால் செய்து முடித்த ஒவ்வொன்றையும் முதலில் அண்ணியின் கழுத்தில், அவள் போட்டிருப்பதற்கு மேலேயே சுற்றிப் பார்ப்பார்கள். ‘அளவுக் கழுத்து’ என்று அதற்குப் பெயரே வைத்திருந்தாள் பாப்பா. “கொஞ்சம் அளவுக் கழுத்தைக் குடுங்க அண்ணி,” என்றால், கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல் அண்ணி தாடையை மட்டும் தூக்குவாள். இன்று காலை அந்தக் கழுத்துக்காக டேப்பை எடுக்க வேண்டும் என்று பாப்பாவுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது போய் எடுத்து வந்தாள். ஊதாக் கறை பட்ட பழைய துணி டேப். போர்வையை விலக்கி, அண்ணியின் கழுத்துக்குக் கீழே அதை நுழைத்து, முன்னால் கொண்டுவந்து சேர்த்தாள். விரலுக்கான இடமும் விட்டுப் படித்தாள்.

இருபத்தேழே முக்கால்.

“டீச்சரம்மா, இதைக் கொஞ்சம் படிங்க.”

டீச்சரம்மா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு குனிந்தார். “இருபத்தேழு தாண்டி, இருபத்தெட்டுக்குள்ள. முக்கால்.”

“டேப்பு சுருங்கியிருக்குமோ?”

“துணி டேப்பு நைஞ்சுபோனா நீளுமே தவிர சுருங்காது பாப்பா,” என்றார் டீச்சரம்மா. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். சொல்லிவிட்டு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பாப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் எவ்வளவு இளைக்கும்? ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தேகால் சென்டிமீட்டர் எப்படிப் போகும்? போன மாதக் கடைசியில், ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று காலையில்கூட அண்ணியின் கழுத்தில் சோக்கர் நின்ற இடத்தில் நின்றது. பாப்பா தன் விரலைவிட்டே பார்த்தாள்.

வெல்வெட்டைச் சிறிதாக்க வழியில்லை. இரண்டு முனையையும் மடித்து, உலோகப் பட்டி வைத்துக் குறடால் கடித்துவிட்டாயிற்று. ஒரு முனையில் வெட்டினால் நடுவில் வைத்த பெரிய மணி ஒரு பக்கமாகப் போய்விடும், இரண்டிலும் வெட்டினால் மணி வரிசைகள் அவிழ்ந்துவிடும். புதிதாகச் செய்ய நேரமில்லை. மணி பன்னிரண்டரை. ஹாலில் நாற்காலிகளை விரிக்கும் சத்தம் கேட்டது.

“தினமும் ஒண்ணு போட்டிருப்பாளே, பூப்பூவா, கறுப்புல. அது எங்க?” என்று கேட்டார் டீச்சரம்மா.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சாமான்கள் ஒரு பாலித்தீன் பையில் கட்டிலடியில் இருந்தன. கண்ணாடி, சீப்பு, ஒற்றைச் செருப்பு. அடியில், கைக்குட்டையில் சுற்றி, அந்தச் சோக்கர். அண்ணி தனக்கென்று பின்னிக்கொண்டது. நடுவில் ஒரு மணி, சுற்றிலும் ஐந்து மணி, அது ஒரு பூ. பூவுக்கு ஆறு மணி. ஒரு பூவின் அகலம் முக்கால் சென்டிமீட்டர். ஊசி ஒரு பூவை முடித்து, அதன் கடைசி மணி வழியாகவே அடுத்த பூவுக்குள் போகும். அதனால் நடுவில் எதையும் எடுக்க முடியாது. முனையிலிருந்துதான் பிரிக்க முடியும். நாற்பத்து நான்கு பூ. முப்பத்து மூன்று சென்டிமீட்டர்.

பாப்பா அதை அண்ணியின் கழுத்தில் சுற்றினாள். அது இறங்கியது, ஆனால் வெல்வெட் அளவுக்கு இல்லை. தழும்பின் கீழ் ஓரத்தில் வந்து நின்றது. தழும்பு ஒரு நூல் அளவு மேலே எட்டிப் பார்த்தது.

“இது பரவாயில்லையே,” என்றார் டீச்சரம்மா.

எப்படி இது மட்டும் பரவாயில்லை? இரண்டும் ஒரே நீளம். பாப்பா அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நகத்தால் ஒவ்வொரு பூவாகத் தள்ளி எண்ணினாள். முப்பத்தெட்டு. மறு முனையிலிருந்து எண்ணினாள். முப்பத்தெட்டு.

அப்புறம்தான் முனையைப் பார்த்தாள்.

நூல் முனையில் போடுகிற முடிச்சை மறைக்க, சிப்பி மாதிரி திறந்து மூடும் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. அதைச் சிப்பி என்றே சொல்வார்கள். முடிச்சை உள்ளே வைத்துக் குறடால் ஒரு கடி கடித்தால் மூடிக்கொள்ளும். ஒருமுறை மூடியதைத் திறந்தால் உடைந்துவிடும், புதிதுதான் போட வேண்டும். கையெழுத்து மாதிரி, சிப்பியை மூடுவதிலும் ஆளாளுக்கு ஒரு விதம். பாப்பா இரண்டு கடி கடிப்பாள், நம்பிக்கை போதாது. அண்ணிக்கு எப்போதும் ஒரே கடி. சோக்கரின் இடது முனையில் பழைய சிப்பி, மங்கிப்போய், ஒரே கடியில் மூடியிருந்தது. வலது முனையில் இருந்தது புதுச் சிப்பி. அதன்மேல் நான்கைந்து கடித் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கோணல்மாணலாக. குறடைப் பிடிக்கவே வலுவில்லாத கை கடித்த கடி.

பாப்பா சோக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நீளம் தெரிந்த பொருளை வைத்துத்தான் தெரியாததை அளக்க முடியும். டேப் அதற்குத்தான் இருக்கிறது. அவள் டேப்பை விட்டுவிட்டு, ஆறு மாதமாக அண்ணியின் கழுத்தை அண்ணியின் சோக்கரைக் கொண்டு அளந்திருக்கிறாள். சோக்கர் நிற்கிறது, விரல் நுழைகிறது, அதனால் கழுத்து இளைக்கவில்லை. கணக்குச் சரிதான், சோக்கர் சுருங்காமல் இருந்திருந்தால். கழுத்து முக்கால் சென்டிமீட்டர் குறைந்தபோதெல்லாம் அண்ணி ஒரு பூவைப் பிரித்திருக்கிறாள். சிப்பியை உடைத்து, முடிச்சை அவிழ்த்து, ஊசியை வந்த வழியே திரும்பவிட்டு, ஒரு பூவை எடுத்து, மறுபடி முடிச்சிட்டு, புதுச் சிப்பி போட்டு. அரை மணி நேர வேலை. ஆறு தடவை. பாப்பா கடைக்குப் போயிருந்தபோதா, குளித்துக்கொண்டிருந்தபோதா? எடுத்த முப்பத்தாறு மணிகளைக் கறுப்பு மணிப் பெட்டியிலேயே போட்டிருப்பாள், எதையும் வீணாக்குகிறவள் இல்லை. அதையெல்லாம் பாப்பாவே ஊசியில் எடுத்து யார் யார் கழுத்துக்கோ கோத்து அனுப்பியிருப்பாள்.

வயிற்று வலிக்கு அண்ணி ஆறு மாதமாகப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன், கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி மேசையருகே வந்து நின்றார்.

“பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்னு பார்க்கிறேன் பாப்பா. ஆள் பாதியா போயிட்ட மாதிரி இருக்கு.”

“நீ லிஃப்ட் கயிறையே பார்த்துப் பார்த்து உனக்கு எல்லாம் தேஞ்ச மாதிரியே தெரியுது,” என்றாள் பாப்பா. எட்டி, அண்ணியின் கழுத்தில் விரலைவிட்டுக் காட்டினாள். “உடம்பு இளைச்சா முதல்ல கழுத்துல தெரியும். இதோ பாரு, ஒரு விரல். தினமும் பத்துக் கழுத்துப் பார்க்கிறவ சொல்றேன்.”

அண்ணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தாள். “நாத்தனாரே சர்டிபிகேட் குடுத்துட்டா. இதுக்கு மேல அப்பீல் கிடையாது. போய் லிஃப்டைப் பாருங்க.”

அண்ணன் போய்விட்டார். அதற்கப்புறம் ஸ்கேன் பேச்சை எடுக்கவில்லை. கழுத்து விஷயத்தில் அவர் பாப்பாவை நம்பினார். அது அண்ணிக்குத் தெரியும். இன்னொரு கத்தி தன் உடம்பில் படக் கூடாது என்று இருபத்திரண்டு வயதில் முடிவு செய்தவளுக்கு, டாக்டரையோ புருஷனையோ ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு ஜோடிக் கண் போதுமாக இருந்திருக்கிறது.

“என்ன பாப்பா, முகம் வெளுத்துப்போச்சு? தண்ணி குடிக்கிறியா?”

“வேண்டாம் டீச்சரம்மா. நீங்க ஹாலைக் கொஞ்சம் பாருங்க. வர்றவங்களை உள்ளே விடாதீங்க. எனக்கு அரை மணி வேணும்.”

மேசையை இழுத்துக்கொண்டு வரவில்லை. கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, குறடை எடுத்தாள். இருபத்தேழே முக்காலுக்கு முப்பத்தேழு பூ. இன்னும் ஒன்று எடுக்க வேண்டும்.

அந்தக் கோணல் சிப்பியை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இடது முனையிலிருந்து எடுக்கலாமா என்று திருப்பிப் பார்த்தாள். முடியாது. பின்னல் அங்கேதான் ஆரம்பம். அங்கே பிரித்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். முடிகிற முனையில்தான் எடுக்க முடியும். குறடின் மூக்கைச் சிப்பியின் இடுக்கில் விட்டு நெம்பினாள். அது இரண்டாகத் தெறித்து, ஒரு பாதி துண்டில் விழுந்தது, இன்னொன்று எங்கே போயிற்றென்று தெரியவில்லை. உள்ளே முடிச்சு மட்டும் அண்ணியின் முடிச்சாக, மூன்று சுற்றாக, இறுக்கமாக இருந்தது.

அதை அவிழ்த்து, ஒரு பூவை அவள் பிரித்து முடித்தபோது கதவு திறந்தது. அண்ணன்.

சவரம் செய்யாத முகம். நேற்றுப் போட்ட சட்டையையே போட்டிருந்தார். கட்டிலருகே வந்து நின்று, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பாப்பாவின் கையைப் பார்த்தார்.

“என்ன பண்றே?”

“கொக்கி விட்டுப்போச்சு. மாத்திக்கிட்டிருக்கேன்.”

அவர் தலையாட்டினார். கால்மாட்டில் உட்கார்ந்தார். கட்டில் சாய்ந்து, துண்டிலிருந்த மணிகள் ஒரு பக்கமாக உருண்டன. பாப்பா உள்ளங்கையை அணை கட்டி நிறுத்தினாள்.

“டாக்டர் நேத்து சொன்னாரு, வியாதி ரொம்ப நாளா உள்ளேயே இருந்திருக்கணும்னு. வெளியே தெரியாதாம் சில பேருக்கு.” போர்வையின் ஓரத்தை நீவிவிட்டார். “சரியாத்தான் சொன்னாரு. கையெல்லாம் போச்சு, முகம் போச்சு. ஆனா கழுத்து மட்டும் மாறவே இல்லை பார்த்தியா? நீ சொன்ன மாதிரியே. அதுவே மாறலைன்னா வேற எதை வெச்சு யார் கண்டுபிடிச்சிருக்க முடியும்? நீ அதை நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதே.”

பாப்பாவின் விரலுக்கடியில் ஆறு மணிகள் இருந்தன. போர்வை தாடைவரை இருந்தது. அதை இழுத்தால் போதும். டேப் அங்கேயே கிடந்தது. ஒரு சுற்று சுற்றி அவர் கண்முன் நீட்டினால் போதும்.

“ம்,” என்றாள்.

“வண்டிக்காரன் சீக்கிரமே வந்துடுவானாம். எவ்வளவு நேரம் ஆகும்?”

“இதோ. அஞ்சு நிமிஷம்.”

அவர் எழுந்து போகும்போது போர்வைக்கு மேலாக அண்ணியின் பாதத்தை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனார், தூங்குகிறவளை எழுப்பாமல் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி.

ஊசியில் புது நூல் சேர்த்து, கடைசிப் பூவை ஒருமுறை சுற்றிவந்து, முடிச்சிட்டு, புதுச் சிப்பி ஒன்றின் மடியில் முடிச்சை உட்கார வைத்தாள். குறடை வைத்து ஒரு கடி கடித்தாள். இரண்டாவது கடிக்குக் கை போனது. கடிக்கவில்லை.

டீச்சரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் தோளைத் தூக்கிப் பிடிக்க, பாப்பா சோக்கரைச் சுற்றி மாட்டினாள். கறுப்புப் பூக்கள் தழும்பின் மேல் சரியாக வந்து படிந்தன. இறங்கவில்லை. டீச்சரம்மா பக்கவாட்டில் நகர்ந்து, பின்புறத்தையும் குனிந்து பார்த்தார்.

“பின்பக்கமும் நல்லா இருக்கு,” என்றார்.

தெரு வந்தது. சோக்கர் வாங்கியவர்கள், சோக்கரைக் கிண்டல் செய்தவர்கள், மணி விற்கிற கடைக்காரர், அண்ணனோடு லிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள். எல்லோரும் ஆளுக்கொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, “அப்படியே இருக்காளே,” என்றார்கள். மாடி வீட்டுத் தையல்காரி வெகுநேரம் நின்று பார்த்தாள். அளவு தெரிந்த கண் அது. தையல்காரி பாப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்திவிட்டு வெளியே போனாள்.

வண்டியில் பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள், நடுவில் அண்ணி. அண்ணனும் பாப்பாவும் ஒரே பக்கம் உட்கார்ந்தார்கள். தெருமுனை திரும்பும்வரை அண்ணன் நேராகத்தான் இருந்தார். சந்தைக் கடைகளைத் தாண்டியதும் அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, தலை அவள் இடது தோளுக்கு வந்தது. அப்போதுதான் பாப்பாவுக்கு நினைவு வந்தது, முடிச்சிட்டதும் ஊசியை அந்தத் தோள் துணியில்தான் குத்தி வைத்திருந்தாள். அவர் கன்னம் படுவதற்குள் அதை உருவிவிட்டாள். அவர் தலையை முழுப் பாரத்தோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊசியில் ஒரு சாண் கறுப்பு நூல் தொங்கியது. வைப்பதற்கு இடமில்லை. இருக்கை வழவழப்பான ரெக்ஸின், இந்தப் பக்கம் அண்ணன், எதிரே அண்ணி. அவள் அதை இரண்டு விரலுக்கு நடுவில், முனை மேலே பார்க்க, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்தக் கையை மட்டும் அவர் முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி எடுத்துக்கொண்டாள்.